ஹொக்கிக் கார்ட்டும் பழைய படக் கசட்டும்: எது திரும்பி வரும்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 15 வயது. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. ரொறன்ரோவில் இருக்கும் தாய்மாமன் சனி ஞாயிறுகளில் அங்குள்ள பழைய பொருள் கடைகளை அலசி, விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்புக் கார்ட்டுகளையும் பழைய படங்களின் டிவிடிகளையும் பெட்டி பெட்டியாக வாங்குகிறவர். கொழும்புக்கு யாராவது வந்தால் அதில் ஒரு பங்கு மருமகனுக்கு வரும். பையனும் மாமாவின் வழிதான். ரியூசன் சிநேகிதர்களோடு கார்ட் மாற்றுவான். மருதானைப் பக்கம் பழைய புத்தகமும் கசட்டும் விற்கும் இடங்களைக் கிண்டுவான்.

சில கிழமைகளுக்கு முன், பேஸ்புக்கில் பக்கம் வைத்துக் கார்ட் வாங்கி விற்கும் 27 வயது இளைஞர் ஒருவரை அவன் பம்பலப்பிட்டியில் சந்தித்திருக்கிறான். கனடாவின் பனி ஹொக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் படத்தோடு ஓ-பீ-சீ என்ற நிறுவனம் 1979இல் வெளியிட்ட கார்ட் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பளபளப்பான கிரிக்கெட் கார்ட் எட்டோடு வீட்டுக்கு வந்தான். அடுத்த கிழமை அதே கார்ட், ஐந்து இலட்சம் ரூபாய் விலையோடு அந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது. இணையத்தில் தேடியபோது இதே கார்ட் 37.5 இலட்சம் டொலருக்கு விற்றதாகத் தாய் படித்திருக்கிறார். அன்றிலிருந்து தூக்கமில்லையாம்.

இரண்டாவது பிரச்சினை கசட். மருதானையில் ஒரு கடையில் 300 ரூபாய்க்கு வாங்கிய பழைய வீடியோ கசட் கட்டுக்குள், 1970களின் கடைசியில் வெளியான ஓர் இலங்கைத் தமிழ்ப் படம் இருந்திருக்கிறது. மகன் அதைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட, கடைக்காரர் கூப்பிட்டு, ‘தெரியாமல் கொடுத்துவிட்டேன், திருப்பித் தா, இல்லாவிட்டால் பொலிஸுக்குப் போவேன்’ என்கிறார். மகனுக்கோ அதை யூடியூபில் ஏற்றவும், வெளிநாட்டிலுள்ள பெரியவர்களுக்குப் பென் டிரைவில் விற்கவும் ஆசை. தகப்பனார், ‘எல்லாம் சூதாட்டம், தூக்கிக் குப்பையில் போடு’ என்கிறார். தாய் கேட்கிறார்: கார்ட்டைத் திருப்பி எடுக்க முடியுமா? பொலிஸில் முறைப்பாடு கொடுக்கட்டுமா? கசட்டைக் கொடுக்க வேண்டுமா? அதைப் பிரதி எடுத்து விற்கலாமா?

அன்புள்ள சகோதரி,

கோபிக்காமல் முதலில் ஒன்றைக் கேளுங்கள். கார்ட்டைப் பற்றி எழுதும்போது, ‘மதிப்புத் தெரியாத பிள்ளையிடம் பறித்துவிட்டான்’ என்கிறீர்கள். கசட்டைப் பற்றி எழுதும்போது, ‘அவருக்கு மதிப்புத் தெரியாவிட்டால் நாங்கள் என்ன செய்வது’ என்கிறீர்கள். இரண்டும் ஒரே கடிதத்தில், ஒரு பக்க இடைவெளியில். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பழைய பொருள் வியாபாரமே இப்படித்தான் ஓடுகிறது: ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. ரொறன்ரோவில் உங்கள் சகோதரர் இரண்டு டொலருக்கு வாங்குவதும் அதனால்தான். எதிரே நிற்பவருக்கு மதிப்புத் தெரியவில்லை என்பதற்காக மட்டும் இப்படியான சில்லறைக் கொடுக்கல்வாங்கலைச் சட்டம் பொதுவாகக் கலைப்பதில்லை. பொய் சொன்னாரா, கொடுத்தவர் ஒப்பந்தம் செய்யும் வயதை அடைந்தவரா, பொருள் உண்மையில் அவருடையதா என்பவற்றைத்தான் பார்க்கும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் உங்கள் இரண்டு பிரச்சினைகளும் ஒன்று போல் இல்லை.

முதலில் அந்த 37.5 இலட்சத்தை மறந்துவிடுங்கள்

2021இல் அந்த விலைக்குப் போனது உண்மை. ஆனால் அது கார்ட்டுகளின் நிலையைப் பார்த்துப் புள்ளி போடும் பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம் பத்துக்குப் பத்து கொடுத்த கார்ட். அப்போது அந்தத் தரத்தில் இருந்தவை இரண்டே இரண்டு. ஓ-பீ-சீ கார்ட்டுகளைக் கம்பியால் அறுத்ததால் விளிம்பு பிசிறாகவே இருக்கும். படமும் நடுவில் சரியாக விழாது. அதனால்தான் குறையில்லாதது அவ்வளவு அரிது. மூலை மழுங்கி நடுவில் மடிப்பு விழுந்த ஒன்றுக்கு அந்த விலையின் வாசம்கூட வராது.

அதோடு, அதே வருடம் அதே படத்தோடு அமெரிக்காவில் டொப்ஸ் நிறுவனமும் ஒரு கார்ட் வெளியிட்டது. அதன் விலை குறைவு. கனடாவில் வந்த ஓ-பீ-சீயின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கும். மறுபதிப்புகளும் போலிகளும் ஏராளம்.  ஆகவே உங்கள் சகோதரர் அனுப்பும் முன் எடுத்த படம் இருந்தால் முதலில் அதை வாங்கிப் பாருங்கள். அந்த இளைஞர் போட்டிருக்கும் ஐந்து இலட்சமும் அவர் கேட்கும் விலைதான், யாரும் கொடுத்த விலை அல்ல. வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்கு விளம்பரத்தில் கேட்கும் தொகையும் உறுதி எழுதும்போது கைமாறும் தொகையும் ஒன்றாகவா இருக்கின்றன?

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்னது

விலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முக்கியமான விடயம் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் இருக்கிறது: கார்ட்டை வாங்கும்போது அந்த இளைஞர், ‘தம்பி, இது மறுபதிப்பு, காசு பெறாது’ என்று வட்ஸ்அப் குரல் பதிவில் சொல்லியிருக்கிறார். பிறகு அதே கார்ட்டை ‘1979 அசல்’ என்று விளம்பரம் செய்திருக்கிறார். மதிப்புத் தெரிந்தும் பேசாமல் இருப்பது வேறு, இல்லாததைச் சொல்லி வாங்குவது வேறு. முதலாவது வியாபாரத் தந்திரம் என்று தப்பலாம். இரண்டாவதற்கு அந்தச் சாட்டு இல்லை.

அதைவிட வலுவானது உங்கள் மகனின் வயது. இலங்கையில் பராயமடையும் வயது 21ஆக இருந்து, 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் 18ஆகக் குறைந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட ஒருவர் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் செய்யும் ஒப்பந்தம், நமது உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. ‘மாற்றினால் மாற்றியதுதான்’ என்பது கார்ட் மாற்றும் பையன்களின் விதி, சட்டத்தின் விதி அல்ல. காசு கைமாறாததால் இது விற்பனையும் அல்ல, பரிமாற்றம். எனவே 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைத் தேடிப் படித்துக் குழம்ப வேண்டாம். (உங்கள் கணவர் அதைப் பதிவிறக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். குப்பையில் போடச் சொல்பவர் சட்டமும் படிப்பது நல்ல அறிகுறி.)

ஆனால் இந்த வழியில் சில முட்கள் உண்டு. கார்ட்டைத் திருப்பிக் கேட்டால், வாங்கிய எட்டு கிரிக்கெட் கார்ட்டையும் நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டை மகன் ஏற்கெனவே சிநேகிதனோடு மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கூடுமானால் அவற்றை மீட்டு வையுங்கள். அடுத்தது, உங்கள் மகன் தன் வயதை 18 என்றோ அதற்கு மேல் என்றோ அந்த இளைஞரிடம் சொன்னானா? பேஸ்புக்கில் பிறந்த வருடத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறானா? வயதைப் பற்றிப் பொய் சொல்லி எதிராளியை நம்பவைத்த ஒருவர், பிறகு வயதைக் காட்டித் தப்ப முயன்றால் சட்டம் இரக்கம் காட்டாது. இதை மகனிடம் அமைதியாகக் கேளுங்கள். அடிக்கிற தொனியில் கேட்டால் உங்களுக்குச் சாதகமான பதில்தான் வரும், உண்மை வராது.

மூன்றாவது முள் உங்கள் சகோதரர். அவர் கார்ட்டை அனுப்பும்போது, ‘கவனமாக வைத்திரு, நான் வரும்போது பார்ப்போம்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது அன்பளிப்பா, பாதுகாப்பாக வைத்திருக்கக் கொடுத்ததா? பாதுகாப்புக்கு மட்டும் என்றால் கார்ட் இன்னும் மாமாவுடையது. தன்னுடையது அல்லாத பொருளின் உரிமையை உங்கள் மகன் யாருக்கும் மாற்றிக் கொடுத்திருக்க முடியாது. அது உங்கள் பக்கத்தைப் பலப்படுத்தும். ஆனால் பலப்படுத்தும் என்பதற்காக இப்போது உட்கார்ந்து கதையை மாற்றாதீர்கள். ‘இது உனக்குத்தான்’ என்று மாமா முன்பு அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்று வெளியே வந்தால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பொலிஸுக்குப் போகும் முன்

ஏமாற்றி ஒரு பொருளைக் கொடுக்கச் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் வரும் குற்றம். ஏழு வருடம் வரை சிறை விதிக்க இடமுண்டு. அதைப் படித்ததும் உங்கள் கை துறுதுறுக்கும். ஆனால் அங்கே, வாங்கிய நேரத்திலேயே அசல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். ‘நானும் மறுபதிப்பு என்றுதான் நினைத்தேன், பிறகு வேறொருவரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது’ என்று அவர் சொன்னால் வழக்கு அங்கேயே இழுபடும். வயதைக் காட்டிக் கார்ட்டைத் திருப்பிக் கேட்பதற்கு அவர் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வழியில்தான் தொடங்குவேன்.

இன்றே செய்ய வேண்டியவை சில. குரல் பதிவைத் தனியாகச் சேமித்து, உரையாடல், அவரது விளம்பரம் எல்லாவற்றையும் திகதி தெரியும்படி திரையிலிருந்து படம் பிடித்து வையுங்கள். மகனின் போனை மாற்றவோ எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கவோ வேண்டாம். இலத்திரனியல் பதிவுகளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கும், ஆனால் மூலப்பதிவும் இருந்தால் வாதாட இடம் குறையும். மாமாவிடமுள்ள படத்தில் மூலை மழுங்கல், புள்ளி, கோடு ஏதாவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்திலுள்ளது அதே கார்ட்தான் என்று காட்ட அது போதும்.

அதன் பிறகு, சட்டத்தரணி ஒருவர் மூலம் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். அதில் மூன்று விடயங்கள் இருந்தால் போதும்: மகன் பராயமடையாதவர், பெற்றோர் இந்தப் பரிமாற்றத்தை ஏற்கவில்லை, தீர்வு வரும்வரை கார்ட்டை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. மூன்றாவதுதான் அவசரம். விடயம் தெரியாத ஒருவர் நல்ல நம்பிக்கையில் காசு கொடுத்து வாங்கிவிட்டால், அதன் பின்னால் போவது பெரிய அலைச்சல். நீங்களும் இடையில் அந்த ஆளுக்கு ‘சரி, போகட்டும், இன்னும் நாலு கார்ட் தாருங்கள்’ என்பது போல எதையும் எழுதிவிடாதீர்கள். அது நீங்கள் பரிமாற்றத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த இந்தச் சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடுகின்றன. சட்டத்தரணிகள் அங்கே ஆஜராக முடியாது. என் தொழிலுக்கு நட்டம், உங்களுக்கு இலாபம். பிள்ளையின் சார்பில் நீங்களே பேசலாம். சிறிய தொகைப் பிணக்குகள் பொதுவாக இந்தச் சபையைத் தாண்டித்தான் நீதிமன்றத்துக்குப் போக முடியும். இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். உண்மையைச் சொன்னால், பேஸ்புக்கில் நல்ல பெயரை நம்பித் தொழில் செய்யும் ஒருவர் இந்தக் கட்டத்துக்கு வருவது குறைவு. கடிதத்தோடேயே பேச வருவார்.

செய்யக்கூடாதது: ‘கள்ளன், பிள்ளைகளை ஏமாற்றுகிறான்’ என்று அவர் படத்தோடு பதிவு போடுவது. நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரைவை வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் போடாதீர்கள். அவதூறுக்காக நட்டஈடு கேட்டு அவர் திருப்பி வரலாம், 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் இழுக்கலாம். மகனை அந்த ஆளிடம் தனியாக அனுப்பவும் வேண்டாம். 27 வயது ஆள் 15 வயதுப் பிள்ளையைத் தனியாகச் சந்திக்கக் கூப்பிட்டிருக்கிறார். கார்ட்டைத் தவிர வேறெதுவும் இருந்ததா என்றும் பக்குவமாக விசாரியுங்கள். சங்கடமான பதில் வந்தால் இந்தக் கார்ட் விவகாரத்தை அப்படியே வைத்துவிட்டு முதலில் 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்கு அழையுங்கள்.

கசட்டின் கதை வேறு

கடைக்காரர் வளர்ந்தவர், பழைய பொருள் விற்பதே அவர் தொழில், விலையைச் சொன்னவரும் அவரே. உங்கள் மகன் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்க்காமலே வாங்கியிருக்கிறான். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? மகன் பராயமடையாதவன் என்று கடைக்காரர் அதையும் பிடித்துக்கொள்ள முடியாது. அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்காக இருப்பது, பிள்ளையோடு வியாபாரம் செய்த பெரியவருக்காக அல்ல. ஒரேயொரு விதிவிலக்கு: அந்தக் கசட் கடைக்காரருடையதே அல்ல, யாரோ திருத்தக் கொடுத்தது அல்லது களவு போனது என்று அவர் காட்டினால் நிலைமை மாறும். அப்படி ஏதாவது சொல்கிறாரா என்று கேளுங்கள். வெறும் ‘விலை தெரியாமல் கொடுத்துவிட்டேன்’ என்றால், மரியாதையாக மறுக்கலாம். மனம் கேட்கவில்லை என்றால் ஏதாவது கொடுத்துச் சமாதானமாகுங்கள். பையன் இன்னும் பல வருடம் அந்தக் கடைக்குப் போகப் போகிறவன். ஆனால் அது உங்கள் விருப்பம், கடமை அல்ல.

கசட் மகனுடையது, படம் மகனுடையது அல்ல. இந்த இடத்தில்தான் அவன் கணக்கு பிழைக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி திரைப்படத்தின் பதிப்புரிமை முதல் வெளியீட்டிலிருந்து 70 வருடம். 1978இல் வந்த படம் என்றால் 2048 வரை. தயாரிப்பாளர் இறந்திருக்கலாம், அவர் நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம், பிள்ளைகள் நோர்வேயில் இருக்கலாம். உரிமை அதனால் காணாமல் போவதில்லை, வாரிசுகளிடம் போகும். உரிமையில்லாமல் பிரதி செய்து விற்பது குற்றம். முதல் தடவைக்கே 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பென் டிரைவ் யோசனையை இன்றே நிறுத்துங்கள். யூடியூபில் ஏற்றுவதும் பகிரங்கப்படுத்துவதுதான். விளம்பரக் காசு வந்தாலும் வராவிட்டாலும் அனுமதி வேண்டும்.

தன் சொந்தப் பாவனைக்கு ஒரேயொரு பிரதி எடுக்க அதே சட்டம் இடம் கொடுக்கிறது, மூலப் பிரதி சட்டபூர்வமானதாக இருந்தால். கடையில் விற்பனைக்கு வெளிவந்த கசட்டா, யாரோ வீட்டில் தொலைக்காட்சியிலிருந்து பதிந்ததா என்பதை உறையையும் ஒட்டியிருக்கும் சீட்டையும் பார்த்தால் ஓரளவு தெரியும்.

இனிச் சொல்வது சட்டம் அல்ல, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலங்கைத் தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டதே குறைவு. 1983 யூலையில் எரிந்தவற்றில் படச் சுருள்களும் அடக்கம். அதனால் ஒரு பழைய கசட்கூட உள்ளதில் நல்ல பிரதியாக இருக்கக்கூடும். அதைப் பழைய டெக்கில் போட்டுப் பார்க்கும் அவசரம் வேண்டாம். கொழும்பின் ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் டெக்கும் கெடும், நாடாவும் அறும். கசட்டின் முதுகிலுள்ள சிறிய பிளாஸ்டிக் தகடு இன்னும் உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அப்போது தவறுதலாக அதன்மேல் எதுவும் பதியாது. புத்தகம் போல நிமிர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பிறகு தயாரிப்பாளரின் குடும்பத்தைத் தேடுங்கள். கொழும்பில் பழைய கலைஞர்களை விசாரித்தால் இரண்டு மூன்று பேரைத் தாண்டி ஆள் கிடைத்துவிடும். நூலகம் நிறுவனம் போல நம்மவர் ஆவணங்களை எண்ணிமப்படுத்துகிறவர்களிடமும் பேசலாம். அனுமதியோடு வெளிவந்தால் உங்கள் மகன் பெயரையும் ஓரமாகப் போடுவார்கள். 15 வயதில் அது சின்ன விடயம் அல்ல.

அதே கசட் கட்டுக்குள் யாரோ ஒருவரின் கலியாண வீடியோவும் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். ‘வைரலாகும்’ என்கிறானாம் மகன். வேண்டாம். அது வேறு குடும்பத்தின் அந்தரங்கம். மண்டபத்தின் பெயர், அழைப்பிதழ், புகைப்படக்காரரின் சீட்டு ஏதாவது கிடைத்தால் அவர்களைத் தேடிக் கொடுக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் கணவருக்கு ஒரு வரி: கார்ட் மாற்றுவது சூதாட்டம் அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பைக்கற் மேல் பைக்கற் வாங்கி உடைப்பதில் அந்த ருசி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அதற்குக் காசைக் கட்டுப்படுத்துங்கள், பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள்.

அந்தப் பெட்டியில் மிச்சமிருப்பவற்றின் மதிப்பையும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதிய வருடங்கள் பெரும்பாலும் 1988க்கும் 1993க்கும் இடையில் வருகின்றன. அந்தக் காலத்தில் வட அமெரிக்காவில் கார்ட்டுகளைக் கணக்கில்லாமல் அச்சடித்தார்கள், வாங்கியவர்களும் பின்னாளில் பணமாகும் என்று உறை பிரிக்காமல் சேர்த்து வைத்தார்கள். எல்லோரிடமும் இருப்பதால் பெரும்பாலானவற்றுக்கு இன்று விலை இல்லை. அவற்றை மகன் ரியூசனில் விருப்பப்படி மாற்றட்டும். 1980க்கு முந்தியது ஏதாவது வந்தால் மட்டும், முன்னும் பின்னும் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பி, அவர் பதில் சொல்லும்வரை வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். அது அன்பளிப்பா இல்லையா என்பதையும் அந்தப் பதிலிலேயே எழுதச் சொல்லுங்கள்.